வேலியில் நேரடிக் கரண்ட் வேண்டாம்

அண்ணா, கோவை தடாகம் ஊர்ப் பக்கம் உங்கள் வாழைக்குள் மாதத்தில் மூன்று முறை யானை இறங்கிவிட்டது, வேலியில் நேரடியாகக் கரண்ட் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். யானையும் சாகும், தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆளும் சாவார். சட்டப்படியும் குற்றம்.

முதலில் ஒரு வரைபடம் போடுங்கள். ஓடை, தண்ணீர்த் தொட்டி, பலாமரம் எல்லாம் குறித்து, யானை வந்த தேதி, நேரம், நுழைந்த இடம், திரும்பிய தடம் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும் வழி தெரிந்துவிட்டால் காவலை அங்கே வைக்கலாம்.

வால்பாறையில் யானை நிற்கும் இடத்தை எஸ்எம்எஸ்ஸிலும், செல்போனால் எரியவைக்கும் சிவப்பு விளக்கிலும் ஊருக்கே சொல்கிறார்கள். அங்கே பெரும்பாலான உயிர்கள் போனது, யானை நிற்பது தெரியாமல் எதிரே போய்விட்டதால்தான். நீங்களும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். அப்புறம், சேதத்தைப் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள்.