வரைபடமும் திசைகாட்டியும் வைத்து இடம் தேடி ஓடும் ஓரியன்ரீறிங் போட்டியில், திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் இருந்த கொன்ட்ரோலை, அதாவது போய்ச் சேரவேண்டிய குறியிடத்தை, எட்ட முடியவில்லையா?

டச் பே கரையிலிருந்து நேரே ஏற முடியாது. நகரப் பக்கக் கோட்டை வாசலுக்குச் சுற்றித்தான் வரவேண்டும். உங்கள் திசைகாட்டியில் பிழையில்லை.

வரைபடத்தில் கோட்டின் தடிப்பைப் பார்க்காமல் ஓடியிருப்பீர்கள். தடித்த கறுப்புக் கோடு தாண்டக்கூடாத மதில். கால் எட்டினாலும் தாண்டினால் தகுதிநீக்கம்தான். மெல்லிய கோடென்றால் தாண்டலாம்.

அந்த வரைபடத்தை எடுத்து, வாசல் வழியே ஒரு நூலை வளைத்து அளந்து பாருங்கள். 1:4000 என்றால் 1 சென்ரிமீற்றர் 40 மீற்றர். நேர்கோட்டுத் தூரத்தோடு ஒப்பிட்டால் நேரம் எங்கே போனதென்று தெரியும்.

ஒன்று, உள்ளே இராணுவம் இருக்கிறது. வரைபடத்தில் ஒலிவ் பச்சை நிறமென்றால் கால் வைக்கவே கூடாது. பயிற்சிக்குப் போனாலும் கோணேசர் கோயில் வீதியை விட்டு விலகாதீர்கள். அப்புறம், வளைவில் மான் நிற்கும், வேகத்தைக் குறையுங்கள்.