விண்டோஸ் 7-இல் ஸ்டீம் ஏன் நின்றது?

கேள்வி: என் கணினியில் விண்டோஸ் 7 இன்னமும் குறையின்றி ஓடுகிறது. காசு கொடுத்து விளையாட்டுகள் வாங்கிய ஸ்டீம் மென்பொருள் அதைக் கைவிட்டது ஏன்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஸ்டீமின் கடைப்பக்கத்தையும் நண்பர் பட்டியலையும் திரையில் காட்டுவது அதனுள் பொதிந்துள்ள, கூகுளின் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் உலாவிதான்; குரோம் 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 7, 8.1 பதிப்புகளை விட்டு விலகியதால், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமும் 2024 ஜனவரி 1 முதல் அவற்றுக்கான ஆதரவை நிறுத்தியது. மைக்ரோசாஃப்டோ விண்டோஸ் 7-க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. கடவுச்சொல்லும் வங்கி அட்டை விவரமும் புழங்கும் கணினிக்கு இது உண்மையான ஆபத்து.

வாங்கிய விளையாட்டுகள் உங்கள் கணக்கிலேயே இருக்கும். 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லா விளையாட்டுகளும் நீங்கள் சேமித்த ஆட்டநிலையை இணையத்தில் வைத்திருப்பதில்லை என்பதால், அவை உள்ள கோப்புறைகளை முதலில் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.