ஓகாலா காட்டில் ஒரு முங்கு

கேள்வி: ஜூலையில் ஆர்லாண்டோவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். மூன்று குடும்பம், குழந்தைகளோடு பதினாலு பேர். பக்கத்தில் ஓகாலா தேசியக் காட்டில் ஊற்றுக் குளியல் பிரமாதம் என்கிறார் மாப்பிள்ளை. முதலை இருக்காதா?

பதில்: இருக்கும். ஃபுளோரிடாவில் முதலையே இல்லாத ஆறு, ஏரி தேடினால் லீவு முடிந்துவிடும். ஆனால் குளிக்கிற இடத்தில் ஆள் சத்தம் அதிகம், தண்ணீரும் கண்ணாடி மாதிரி அடிவரை தெரியும், முதலை பெரும்பாலும் ஒதுங்கித்தான் இருக்கும். இருட்டத் தொடங்கினால் மட்டும் எல்லாரையும் கரையேற்றிவிடுங்கள். பிஸ்கட் போட்டுக் கூப்பிடும் விளையாட்டும் வேண்டாம், அங்கே அது சட்டப்படி குற்றம்.

பதினாலு பேருக்கு என் ஓட்டு அலெக்ஸாண்டர் ஊற்றுக்கு. கரையோரம் ஆழமில்லாத மணல், சின்னப் பிள்ளைகளுக்குத் தோது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் நிலத்தடி நீர் என்பதால் வருஷம் முழுக்க ஏறக்குறைய 22 டிகிரிதான், ஜூலை வெயிலில் இறங்கினால் முதல் முங்குக்கு மூச்சு நின்று வரும், அப்புறம் பிள்ளைகளை வெளியே கூப்பிடுவதுதான் பெரும்பாடு. சனி, ஞாயிறு வேண்டாம். கூட்டம் நிரம்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜூனிப்பர் ஊற்றையும் பாருங்கள். அங்கே நீர்ச்சக்கரத்தோடு நிற்கும் பழைய ஆலை வீடு, 1930களில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு நடத்திய திட்டத்தில் கட்டியது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபெர்ன் ஹேமக் என்ற இன்னொரு ஊற்று, அடியில் மணல் உலை கொதிக்கிற மாதிரி குமிழியிட்டுப் பொங்கும், கைப்பிடிப் பாலத்தில் நின்று எவ்வளவு நேரமும் பார்க்கலாம், இறங்கத்தான் கூடாது.

கேள்வி: அதே காட்டில் நாள் முழுக்க நடக்க ஆசை. நடக்கலாமா?

பதில்: ஜூலையிலா? நான் வரவில்லை. வெள்ளை மணலும் குட்டை மரங்களுமாக நிழலே இல்லாத பாதைகள் நிறைய, மத்தியானம் ஆனால் இடி மின்னல். காட்டை ஊடுருவிப் போகும் ஃபுளோரிடா நடைபாதை நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் ஒரு துண்டை நடக்க நவம்பருக்கு மேல் வாருங்கள். அது வேட்டைக் காலமும்கூட, பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி தங்கினால் சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், கரடி வரும். புளியோதரை வாசனை அதற்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.