கேபிள் பின்னல்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் கை பழகிவிட்டன, அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கேபிள்தான், ஸ்வெட்டரில் கயிறு முறுக்கியதுபோல் எழும்பி நிற்குமே, அந்த டிசைன். பார்க்கத்தான் மிரட்டும். உள்ளே நடப்பது கண்ணிகள் இடம் மாறுவது மட்டுமே. வேலூரில் நிட்டிங் சொல்லிக்கொடுக்கும் எனக்குப் பழைய வட ஆற்காடு முழுவதிலுமிருந்து வந்த கேள்விகளை ஒன்றுசேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து: அக்கா, ஸ்வெட்டரில் முறுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறதே, அதைத் தனியாகப் பின்னி மேலே வைத்துத் தைக்கிறார்களா?

இல்லைம்மா, எல்லாம் ஒரே துணிதான். ஊசியில் 6 கண்ணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 3 கண்ணிகளைப் பின்னாமல் ஒரு சின்ன ஊசிக்கு (கேபிள் ஊசி என்பார்கள்) மாற்றித் துணிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். அடுத்த 3 கண்ணிகளை நிட் போடுங்கள். அப்புறம் சின்ன ஊசியில் காத்திருக்கும் 3 கண்ணிகளையும் நிட் போடுங்கள். அவ்வளவுதான், முறுக்கு விழுந்துவிட்டது. சின்ன ஊசி முன்னால் இருந்தால் முறுக்கு இடதுபக்கம் சாயும். பின்னால் இருந்தால் வலதுபக்கம் சாயும். இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு பக்கமும் பர்ல் கண்ணிகள் இருக்க வேண்டும். பர்ல் தரை உள்ளே அமுங்கும், நிட் எழும்பி நிற்கும். கேபிளின் அழகே அந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது.

காட்பாடியிலிருந்து: முதல் மாதிரிக்கு எத்தனை கண்ணி, எந்த ஊசி, எந்த நூல்? கடையில் 8 நம்பர் ஊசி கொடுத்தார்கள், வீடியோவில் சொல்லும் 8 நம்பரோடு அளவு ஒத்துவரவில்லை.

நம் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் ஓடுகிறது. அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க வீடியோவில் 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். அதனால் நம்பரை விட்டுவிட்டு மி.மீ. அளவைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய 4 மி.மீ. ஊசி இந்த மாதிரிக்குச் சரியானதுதான்.

நூல் டபுள் நிட் எனப்படும் நடுத்தரத் தடிமனில், வெளிர் நிறத்தில், வழவழப்பாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். கண்ணியும் தெரியாது, கேபிளும் தெரியாது. பஞ்சு பஞ்சாகப் பறக்கும் நூலும் இப்போதைக்கு வேண்டாம்.

18 கண்ணி போடுங்கள். முதல் வரிசை: 6 பர்ல், 6 நிட், 6 பர்ல். இது முன்பக்கம், ஓர் ஊக்கை மாட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரிசை: 6 நிட், 6 பர்ல், 6 நிட். மூன்றும் நான்கும் அதேபோல. ஐந்தாம் வரிசையில் 6 பர்ல் போட்டு, நடு 6 கண்ணிகளை மேலே சொன்னபடி 3, 3 ஆகத் திருப்பி, மறுபடி 6 பர்ல். ஆறாம் வரிசை இரண்டாம் வரிசை மாதிரியே. அப்புறம் 11ஆம் வரிசையில், 17ஆம் வரிசையில் என்று 6 வரிசைக்கு ஒருமுறை திருப்புங்கள். கேபிளில் எத்தனை கண்ணியோ அத்தனை வரிசைக்கு ஒருமுறை திருப்புவது தொடக்கத்துக்கு நல்ல கணக்கு. 4 கண்ணிக் கேபிள் என்றால் 4 வரிசைக்கு ஒருமுறை. எப்போதும் முன்பக்க வரிசையில்தான் திருப்ப வேண்டும்.

திருப்பும் வரிசையில் ஊசி இறுகும், கை வலிக்கிற மாதிரி இருக்கும். கண்ணிகள் குறுக்கே இழுபடுவதால் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதற்கு முந்தைய பின்பக்க வரிசையில் அந்த 6 கண்ணிகளைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டால் சுலபமாகிவிடும்.

விடுதி மாணவர் ஒருவர்: அக்கா, கேபிள் ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு தம்பி. ஹேர்பின் போதும், பெரிய ஊக்கும் போதும். இரண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் ஊசியைவிட மெலிந்ததாக இருக்கட்டும், தடித்ததாக இருந்தால் கண்ணி விரிந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து: எத்தனையாவது வரிசை என்று மறந்துபோகிறது. எழுதி வைத்தாலும் தவறிவிடுகிறது. கைத்தறி வீட்டில் பிறந்தவள் நான், எனக்கே இப்படி!

தறி வீட்டுப் பெண்ணுக்கு இழையைப் பார்த்தே நிலவரம் தெரியும். அந்தக் கண்ணை இங்கேயும் கொண்டுவாருங்கள், காகிதத்தை நம்ப வேண்டாம். திருப்பிய வரிசையில் போட்ட நிட் கண்ணி ஒன்றில் ஊக்கை மாட்டுங்கள். அதே கண்ணிக்கு நேர் மேலே எத்தனை கண்ணிகள் அடுக்கியிருக்கின்றன என்று எண்ணுங்கள். ஊசிமேல் நிற்பதையும் சேர்த்து 5 வந்தால் அடுத்த வரிசை திருப்பும் வரிசை. குழந்தை அழைத்தாலும் குக்கர் விசிலடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. என்னிடம் படிப்பவர்களுக்கு டிசைன் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் பழக்குகிறேன்.

ஆம்பூரிலிருந்து: அடுத்த திருப்பம் போடப் போகும்போதுதான் கவனித்தேன், போன திருப்பத்தை எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறேன். மொத்தத்தையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அந்த 6 கண்ணிகளை மட்டும் பிரித்தால் போதும்.

நல்ல வெளிச்சத்தில், மேசைமேல், முன்பக்கம் மேலே தெரிய விரித்து உட்காருங்கள். பக்கத்து பர்ல் கண்ணிகள் ஊசியிலேயே இருக்கட்டும். நடு 6 கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறிய திருப்பம் வரை ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துக்கொண்டே இறங்குங்கள். திருப்பிய வரிசையும் பிரிய வேண்டும். இப்போது கீழே 6 கண்ணிகள் திறந்து நிற்கும். அவற்றுக்கு மேலே 6 நீள இழைகள் குறுக்கே தொங்கும், திருப்பிய வரிசைக்கு ஒன்று, அதற்கு மேல் 5 வரிசைக்கு 5. இழைகளின் வரிசை கலைந்துவிடக் கூடாது, மேல் இழையைக் குண்டூசியால் ஒதுக்கி வையுங்கள்.

திறந்து நிற்கும் கண்ணிகளை 3, 3 ஆக இரண்டு சின்ன ஊசிகளில் எடுங்கள். எந்த மூன்று முன்னால் வர வேண்டுமோ அதை முன்னால் கொண்டுவந்து இடம் மாற்றுங்கள். அப்புறம் முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் கீழே உள்ள இழையால் 6 கண்ணிகளையும் நிட்டாகப் போடுங்கள். பிறகு அடுத்த இழை. முன்பக்கத்திலிருந்தே போடுவதால் எல்லா வரிசையும் நிட்தான், பர்ல் கிடையாது. கடைசி இழை முடிந்ததும் 6 கண்ணிகளையும் ஊசிக்கு ஏற்றுங்கள். சில கண்ணிகள் தளர்ந்தும் சில இறுகியும் இருக்கும். ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிகளுக்கு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுங்கள். ஒருமுறை துவைத்தால் மிச்சமும் சமமாகிவிடும்.

முதல் தடவை இதை உங்கள் மாதிரித் துண்டில், வேண்டுமென்றே தவறாகத் திருப்பிச் செய்து பாருங்கள். ஸ்வெட்டரில் நேரும்போது கை நடுங்காது.

மருத்துவமனைக்கு எதிரே தங்கியிருக்கும் ஒருவர்: அம்மாவுக்கு சி.எம்.சி.யில் வைத்தியம். காத்திருக்கும் நேரத்தில் பின்னலாமா? எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

தாராளமாகப் பின்னுங்கள். 4 கண்ணிக் கேபிள் போட்ட தலைப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சின்னக் கைப்பையில் அடங்கும். திருப்பும் வரிசையைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பதால், டோக்கன் நம்பர் நெருங்கும்போது திருப்பத்தைத் தொடாதீர்கள். அம்மா சீக்கிரம் நலமாகட்டும்.

கம்மவான்பேட்டையிலிருந்து: மகன் ராணுவத்தில், இப்போது வடக்கே குளிரில் இருக்கிறான். கேபிள் குல்லாய் பின்னி அனுப்ப ஆசை.

அம்மா, ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இந்த ஆசை இருக்கும். அக்ரிலிக் வேண்டாம், அசல் கம்பளி நூலாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் ஈரமானாலும் கம்பளி சூடு தரும். அக்ரிலிக் நெருப்புப் பட்டால் உருகும், அடுப்பு மூட்டிக் குளிர்காயும் இடத்துக்கு அது ஆகாது.

டபுள் நிட் நூல், 4 மி.மீ. ஊசி என்றால் 6 நிட், 3 பர்ல் என்று 12 தடவை, 108 கண்ணி. தைப்பதற்கு ஓரத்தில் 2 சேர்த்து 110 போடுங்கள். கேபிள் துணியைக் குறுக்கும், அதனால் சாதாரணக் குல்லாயைவிடக் கண்ணி அதிகம் தேவை. நூலும் அதிகம் பிடிக்கும். ஓர் உருண்டை கூடுதலாக, அதே லாட் நம்பரில் வாங்கிவிடுங்கள். பிறகு போனால் அதே நிறம் கிடைக்காது. தொடங்கும் முன் கை அகலத்துக்கு ஒரு மாதிரி பின்னி அளந்து பாருங்கள், உங்கள் கை இறுக்கம் உங்களுக்கே உரியது.

இராணிப்பேட்டையிலிருந்து: நம் ஊர் வெயிலில் இதை யார் போடுவார்கள்? பருத்தி நூலில் செய்யலாமா?

செய்யலாம். கைப்பை, குஷன் உறை, குழந்தைக்கு ஏ.சி. அறையில் போர்த்த ஒரு துண்டு எல்லாம் நன்றாக வரும். பருத்தி இழுத்துக் கொடுக்காது, அதனால் 6 கண்ணியைத் திருப்புவது கடினம், ஓரத்தில் ஓட்டையும் விழும். 4 கண்ணியோடு நிறுத்துங்கள். கேபிள் முடிந்ததும் வரும் முதல் இரண்டு பர்ல் கண்ணிகளை இறுக்கி இழுத்தால் ஓட்டை மூடும்.

ஆரணியிலிருந்து: பெண்ணுக்குச் சடை பின்னுகிற மாதிரி மூன்று காலாக வரவழைக்க முடியுமா டீச்சர்?

முடியும், சடை பின்னத் தெரிந்த கைக்கு இது உடனே பிடிபடும். அதே 6 கண்ணியை 2, 2, 2 ஆக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முன்பக்க வரிசையில் முதல் 4 கண்ணிகளை, சின்ன ஊசியை முன்னால் வைத்துத் திருப்பி, கடைசி 2 நிட். அடுத்த முன்பக்க வரிசையில் முதல் 2 நிட், மீதி 4 கண்ணிகளை, சின்ன ஊசியைப் பின்னால் வைத்துத் திருப்புங்கள். இந்த இரண்டும் மாறி மாறி வர வேண்டும். நடுக்கால் ஒருமுறை இடப்பக்கத்தோடும் ஒருமுறை வலப்பக்கத்தோடும் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வாணியம்பாடியிலிருந்து: அயர்லாந்து மீனவர் குடும்பங்களுக்குத் தனித்தனிக் கேபிள் டிசைன், கடலில் இறந்தவரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்கிறார்களே?

அழகான கதை, ஆனால் உண்மையில்லை. இந்தக் கதையில் வரும் அயர்லாந்தின் அரன் தீவு கேபிள் ஸ்வெட்டர்களே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானவை. 1904இல் மேடையேறிய ஓர் அயர்லாந்து நாடகத்தில், இறந்த அண்ணனைத் தங்கை அவன் காலுறையில் தான் விட்ட கண்ணிகளை வைத்து அடையாளம் காண்பாள். அந்த நாடகத்தில் குடும்ப டிசைன் எதுவும் கிடையாது. கதை அதிலிருந்து வளர்ந்தது என்பார்கள். பிற்பாடு ஸ்வெட்டர் விற்றவர்களும் அதைப் பரப்பினார்கள்.

திருப்பத்தூரிலிருந்து: ஏலகிரிக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு ஸ்டோல் முடித்தேன். முடித்த ஓரம் அலை அலையாக விரிகிறது. துவைத்தால் சரியாகுமா?

துவைத்துச் சரியாகாது. கடைசி வரிசையை மட்டும் பிரித்து, கண்ணிகளை மூடும்போது கேபிள்மேல் மட்டும் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட் போட்டு மூடுங்கள். ஓரம் படிந்துவிடும். துவைத்தபின் முறுக்கிப் பிழியாமல், டவலில் சுருட்டி அழுத்தி, நிழலில் தரையில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் நீண்டுவிடும். கேபிள்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது, எழும்பி நிற்பது தட்டையாகிவிடும். அக்ரிலிக்காக இருந்தால் மறுபடி எழும்பவே எழும்பாது.