போர்டில் இருக்கும் பெயர்

அன்புள்ள ஐயா,

பழைய ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்து மன்னன் முதலாம் அர்தஷீரின் வெள்ளிக் காசு ஒன்றின் படம் பார்த்தேன். 'மஸ்தாவை வணங்கும் தெய்வீக அர்தஷீர், ஈரானின் மன்னர் மன்னன், தேவர்களின் வித்திலிருந்து வந்தவன்' என்று அதில் எழுதியிருக்கிறதாம் (மஸ்தா அவர்களுடைய கடவுள்). இதில் 'தெய்வீக' என்பதற்கு வரும் 'பகி' என்ற சொல்லும் நம் 'பகவான்' என்பதில் உள்ள 'பக'வும் ஒன்றா? எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களிடம் இப்படி அளந்துவிட்டு என்ன பயன்? வெற்றுப் பெருமைதானே இந்தப் பட்டங்களெல்லாம்?

ம.

அன்புள்ள ம.,

'பகி' உறவுச் சொல்தான், வேர் ஒன்று. அதை அத்தோடு விடுங்கள். சொல்லுக்குச் சொல் சொந்தம் தேடுவது ஒரு வியாதி, நானே ரொம்ப நாள் அதில் கிடந்தவன்.

'எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. படிப்பில்லாதவனுக்குக் காசு தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? என் பாட்டிக்குக் கைநாட்டுதான். கிழிசலை உள்ளே மடித்துக் கொடுத்த நோட்டை விரல் பட்டதுமே திருப்பி நீட்டிவிடுவாள். சாசானிய மன்னர்கள் ஆளுக்கொரு கிரீடம் வைத்துக்கொண்டார்கள்: ஒன்றில் இறக்கை, ஒன்றில் பிறை, ஒன்றில் கோட்டைமதில் மாதிரிப் படிகள். எழுத்தே தெரியாதவன்கூட இது புது ராஜா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். இன்றைக்கும் எழுத்து தேய்ந்துபோன காசை ஆராய்ச்சியாளர்கள் கிரீடத்தைப் பார்த்துத்தான் யாருடையது என்கிறார்கள். நன்றாகப் படித்தவர்தான் நீங்கள், கொஞ்சம் பார்க்கவும் பழகுங்கள்.

பட்டம் வெற்றுப் பெருமை என்றீர்கள். பாதி சரி. அர்தஷீர் ஈரானின் பார்ஸ் பகுதிச் சிற்றரசன், கி.பி. 224இல் தன் பேரரசனான பார்த்திய வம்சத்து அர்தவானைப் போரில் கொன்றவன். 'நீ யார்?' என்று கேட்கிறவனுக்கு அவன் ஏதாவது சொல்லியாக வேண்டுமே, அதனால்தான் அவ்வளவு நீளம்.

ஆனால் கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்கு முந்தைய அந்தப் பார்த்தியர்கள்தான். ஏறக்குறைய 470 வருஷம் ஆண்டிருக்கிறார்கள். காசுகளில் பெரும்பாலும் ஒரே பெயர், கிரேக்க எழுத்தில்: அர்சாகேஸ், வம்சத்தை ஆரம்பித்தவன். இரண்டாம் மித்ரதாத்தேஸ் கி.மு. 109 வாக்கில் காசில் 'மன்னர் மன்னன்' என்று போட்டுக்கொண்டான், அப்போதும் பெயர் என்னவோ அர்சாகேஸ்தான். சொந்தப் பெயரைப் போட்டவர்கள் அபூர்வம். எந்தக் காசு எந்த அர்சாகேஸுடையது என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

இது எனக்கு ஏன் புரிகிறது என்றால், என் அப்பா விலைக்கு வாங்கிய மளிகைக் கடையின் போர்டில் கடைசிவரை பழைய முதலாளியின் பெயர்தான் இருந்தது. வருகிறவர்கள் அப்பாவையும் அந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள், அவரும் 'சொல்லுங்க' என்பார். பதிமூன்று வயதில் எனக்கு அது பெரிய அவமானம். ஒருநாள் கடையில் வைத்தே ஒருவரிடம், அது எங்க அப்பா பேர் இல்லை என்று கத்திவிட்டேன். ராத்திரி அப்பா அடிப்பார் என்று பார்த்தால் அடிக்கவில்லை. கணக்கு நோட்டை மூடிவிட்டு, "டேய், மொத்த வியாபாரி அந்தப் பேருக்குத்தான்டா சரக்கு கடன் குடுக்குறான், எனக்கா குடுக்குறான்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு போய் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 484இல் ஹெஃப்தலைட்டுகள் (வெள்ளை ஹூணர்கள் என்பார்கள்) சாசானிய மன்னன் பெரோஸைப் போரில் கொன்றார்கள். கொன்றவர்கள் அடித்த காசு? பெரோஸின் காசைப் பார்த்து அடித்த நகல். கடைசி மன்னன் மூன்றாம் யஸ்தகிர்து 651இல் மெர்வில் கொல்லப்பட்டான். ஈரானைப் பிடித்த அரபு ஆளுநர்கள் அதன் பிறகும் நாற்பது வருஷத்துக்கு மேல் யஸ்தகிர்து, அவனுக்கு முந்திய இரண்டாம் குஸ்ரூ முகங்களையே காசில் அடித்தார்கள், பின்பக்கம் சாசானியக் காசில் இருந்த அதே நெருப்புப் பீடம், ஓரத்தில் மட்டும் சின்னதாக 'பிஸ்மில்லா'. 690களின் கடைசியில் கலீஃபா அப்துல் மாலிக் வந்து படமே இல்லாத காசைக் கொண்டுவரும்வரை இதுதான். ஜெயித்தவன் தோற்றவனின் போர்டைக் கழற்றவில்லை. அவனுக்கென்ன பைத்தியமா? சந்தையில் சரக்கு வாங்க வேண்டாமா?

அந்தப் பெரோஸ் முகம் ஹூணர்களோடு இந்தியாவுக்குள்ளும் வந்தது. குஜராத், ராஜஸ்தான் பக்கம் பல நூற்றாண்டுகள் நகலுக்கு நகலாக அடித்து, மூக்கு ஒரு கோடாகி, கிரீடம் நாலு புள்ளியாகி, நெருப்புப் பீடம் வெறும் கோடுகளாகி, கடைசியில் அது முகம் என்று சொன்னால்தான் தெரியும் என்கிற கதி. இந்தக் காசுகளைக் 'கதியா பைசா' என்பார்கள். அடித்தவனுக்கும் அது யாரென்று தெரிந்திருக்காது. வெள்ளியும் போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. என் பாட்டி கையில் ஒன்றைக் கொடுத்திருந்தால் கடித்துப் பார்த்துவிட்டு, வேற குடு என்றிருப்பாள்.

அன்புடன்