ஃபங்ஷனுக்குள் ஸ்டேட்டிக்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

சி மொழியில் ஃபங்ஷனுக்குள் ஸ்டேட்டிக் வேரியபிள் எழுதுவது பற்றி நம் மாவட்டத்து மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

தக்கலை: அண்ணே, வெறும் இன்ட் என்று எழுதுவதற்கும் ஸ்டேட்டிக் இன்ட் என்று எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள் மக்களே. பால் வெட்டுகிறவர் தினமும் மரத்தில் புது இடம் தேடுவதில்லை. போன தடவை வெட்டி நிறுத்திய கோட்டை ஒட்டி, கீழே மெல்லிசாகச் சீவுகிறார். சிரட்டையில் விழுந்த பாலோ அன்றைக்கே வாளிக்குப் போய்விடுகிறது. சாதாரண லோக்கல் வேரியபிள் சிரட்டைப் பால் மாதிரி. ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும். ஸ்டேட்டிக் மரத்து வெட்டு மாதிரி. புரோகிராம் முடியும்வரை இருக்கும்.

‘ஸ்டேட்டிக் இன்ட் எண் = 5;’ என்று எழுதி, அடுத்து ஒன்று கூட்டும் ‘எண்++’ போட்டு அச்சிடு. மூன்று முறை கூப்பிட்டால் 6, 7, 8 வரும். ஸ்டேட்டிக்கை எடுத்துவிட்டால் 6, 6, 6. எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே எழுதும் குளோபல் வேரியபிளும் இப்படித்தான் நிலைத்திருக்கும், ஆனால் அதை எல்லா ஃபங்ஷனும் தொடலாம். ஃபங்ஷனுக்குள் எழுதும் ஸ்டேட்டிக்கின் பெயர் அந்த ஃபங்ஷனுக்கு வெளியே தெரியாது.

ஒன்றை மறக்காதே: ஆரம்ப மதிப்பை அதே வரியில் கொடு. ‘எண் = 5;’ என்று தனி வரியாக எழுதினால் அது ஒவ்வொரு முறையும் ஓடும்; வெட்டு அழிந்துவிடும்.

குளச்சல்: ஆரம்ப மதிப்பே கொடுக்காவிட்டால்?

பூஜ்யம். குப்பை மதிப்பு வருவது சாதாரண லோக்கலுக்குத்தான்.

மார்த்தாண்டம்: ஃபங்ஷனை முதல் முறை கூப்பிடும்போது அந்த ஸ்டேட்டிக் வரி ஓடும் என்று என் நோட்ஸில் இருக்கிறது. சரிதானே?

சி-யில் அது தவறு. புரோகிராமின் முதல் ஃபங்ஷனான மெயின் தொடங்கும் முன்பே மதிப்பு போடப்பட்டுவிடும். அதனால்தான் அங்கே மாறிலி மட்டும் வரலாம். ‘ஸ்டேட்டிக் இன்ட் அ = கணக்கு();’ என்று வேறொரு ஃபங்ஷனின் விடையை எழுதினால் கம்பைலர் ஏற்காது.

மீண்டும் மார்த்தாண்டம்: என் லேபில் ஏற்றுக்கொள்கிறதே!

ஃபைல் பெயரைப் பார். டர்போ சி++ தானாக வைக்கும் பெயர் ‘.சிபிபி’ என்று முடியும். அப்போது நீ எழுதுவது சி++. அந்த மொழியில்தான் உன் நோட்ஸ் சொல்வது போல, அந்த வரியை முதல் முறை தொடும்போது கணக்கு() ஓடும்.

கருங்கல்: இதில் நானும் வருகிறேன் அண்ணே. 5 போட்டால் இரண்டு மொழியிலும் ஒரே விடைதானே? நோட்ஸை ஏன் தவறு என்கிறீர்கள்?

5 போட்டால் வித்தியாசம் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். கணக்கு()-க்குள் ஒரு பிரிண்ட்எஃப் போட்டுப் பார். சி++-ல் முதல் அழைப்பில் மட்டும் அது அச்சாகும். ஃபங்ஷனைக் கூப்பிடவே இல்லையென்றால் அச்சாகாது. சி-யில் கம்பைல் தாண்டாது. இரண்டு மொழியின் விதியைக் கலந்து படித்தால் நாளைக்கு நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்வது நீதான். எனக்கு அதுதான் கவலை.

பூதப்பாண்டி: ஸ்டேட்டிக் என்றால் என்ன?

தக்கலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொல்லங்கோடு: எண்ணிக்கை எப்போதும் 1 என்றே வருகிறது.

‘எண் = 0;’ தனி வரியில் இருக்கிறது, இல்லையா? அந்த 0-வை ஸ்டேட்டிக் வரிக்கே ஏற்று. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அருமனை: ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனில் ஸ்டேட்டிக் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எல்லா அழைப்புக்கும் இடம் ஒன்றுதான். பெருக்கிவரும் விடையை 1-ல் தொடங்கும் ஸ்டேட்டிக்கில் வைத்து ஃபேக்டோரியல் எழுதினால், 3-க்கு 6 சரியாக வரும். உடனே 4-க்குக் கேட்டால் 24-க்குப் பதில் 144 வரும், பழைய 6 அங்கேயே கிடப்பதால். இதற்குச் சாதாரண லோக்கலே போதும்.

திங்கள்சந்தை: ஜாவாவில் ஸ்டேட்டிக்?

அது வேறு பொருள். ஜாவா நடத்துகிறவரிடம் கேளுங்கள்.

மீண்டும் கருங்கல்: ‘.சி’ என்று மாற்றினேன். ‘இனிஷியலைசர் எலிமென்ட் இஸ் நாட் கான்ஸ்டன்ட்’ என்று ஜிசிசி கம்பைலர் திட்டுகிறது.

அதேதான் மக்களே! சி-யிலும் முதல் அழைப்பில் மட்டும் கணக்கு() ஓட வேண்டுமென்றால், ‘ஸ்டேட்டிக் இன்ட் அ, போட்டாச்சு;’ என்று வைத்துக்கொள். இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கும். போட்டாச்சு பூஜ்யமாக இருந்தால் மட்டும் ‘அ = கணக்கு();’ ஓட்டி, போட்டாச்சை 1 ஆக்கு. பல த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) உள்ள புரோகிராமில் மட்டும் இதற்கு லாக் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வேண்டும்.