அரசுப் பள்ளியில் மீத்திறன் பிள்ளைகள்: கேள்வி பதில்

அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்யும் வேலை கடைசி வரை என்னிடம்தான் இருந்தது. பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

என் மகள் நான்காம் வகுப்பு. பரீட்சையில் நடுத்தரம்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "ஏன், எப்படி" என்று ஓயாமல் கேட்கிறாள். பாடம் நடத்த விடமாட்டேன் என்கிறாள் என்று வகுப்பு டீச்சர் குறை சொல்கிறார். இவள் மீத்திறன் பிள்ளையா, வெறும் வாயாடியா? எங்காவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா? (ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்)

டெஸ்ட் எதுவும் வேண்டாம் அம்மா. நம் அரசுப் பள்ளிகளில் அறிவுத்திறன் சோதனை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் ஏற்பாடு கிடையாது. மீத்திறன் மாணவர், மெல்லக் கற்கும் மாணவர் என்று நாங்கள் பட்டியல் போடுவதெல்லாம் பெரும்பாலும் பரீட்சை மார்க்கை வைத்துத்தான். அதில்தான் உங்கள் மகளைப் போன்றவர்கள் விட்டுப்போகிறார்கள். கையெழுத்து அழகாக, நோட்டு சுத்தமாக, சொன்னதை அப்படியே எழுதுகிற பிள்ளை பட்டியலில் முதலில் வந்துவிடும்.

நான் பார்ப்பது வேறு. 98-ஐ 7-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் வரிசையாக எழுதிப் பெருக்குவார்கள். ஒரு பிள்ளை பேனாவைத் தொடாமல், "எழுநூறில் பதினாலு போச்சு, 686" என்று சொல்லும். யாரும் சொல்லித்தராத வழியைத் தானே கண்டுபிடிப்பதுதான் அடையாளம். இன்னும் சில உண்டு. கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையை வம்புக்கு இழுப்பது. எறும்பு, பஸ் ரூட், கிரிக்கெட் ஸ்கோர் என்று ஏதாவது ஒன்றில் வயதுக்கு மீறி ஆழமாகப் போவது. பாடப்புத்தகத்தில் உள்ள தப்பைச் சுட்டிக்காட்டுவது. இவை எல்லாமே அவளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன், வாரம் ஒருநாள் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். வீட்டில் "சும்மா இரு" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். பெண் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை நாம் ரொம்பவே சொல்லிவிடுகிறோம்.

தம்பி எட்டாம் வகுப்பு. என்எம்எம்எஸ் என்கிற உதவித்தொகைத் தேர்வை எழுதச் சொல்கிறார்கள். அப்பா, "ஆயிரம் ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா?" என்கிறார். எழுத வைக்கலாமா? (கல்லூரி மாணவர், கடலூர்)

கண்டிப்பாக எழுத வையுங்கள். ஆயிரம் என்பது மாதத்துக்கு. ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கிடைக்கும். ஒன்றிய அரசு 2008-இல் கொண்டுவந்த திட்டம் இது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அதில் 5 சதவீதம் தளர்வு.

இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். ஒன்று மனத்திறன், மற்றொன்று பாடம். பாடத்தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். மனத்திறன் தாளில்தான் கிராமத்துப் பிள்ளைகள் திணறுகிறார்கள். எண் வரிசை, குறியீடு, படத்தொடர் மாதிரியான கேள்விகளை அதற்கு முன் பார்த்தே இருக்கமாட்டார்கள், அதுதான் காரணம். சில வாரப் பழக்கத்திலேயே வேகம் வந்துவிடும். தேர்வன்றுதான் முதல்முறை பார்க்கிற பிள்ளை, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பாதித் தாளில் நேரம் போய்த் தவிக்கும்.

தேர்வான பிறகுதான் முக்கியமான விஷயம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். தேர்வில் ஜெயித்துவிட்டு, ஆதார் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒத்துப்போகாமல் பணத்தை விட்ட பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும்போது, இந்த விவரத்தைப் புதுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும் என்பதையும் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

என்எம்எம்எஸ்ஸில் பாஸ் என்று வந்தது, ஆனால் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இல்லை. ஏன்? (ஒரு தந்தை, பெரம்பலூர்)

தகுதி மதிப்பெண் பெற்றவர்கள் எல்லாருக்கும் இடம் இருக்காது, இட ஒதுக்கீட்டு வாரியாகத் தரவரிசைப்படி நிரப்புகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, விடாதீர்கள். வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருகிறார்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், வருமான வரம்பும் ஒரு லட்சம் என்று ரொம்பக் குறைவு. இரண்டையும் உயர்த்த வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து இரண்டாம் வருடம். என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. நாலைந்து பேர் மட்டும் எதைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது? (பட்டதாரி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்)

இந்தக் கேள்வி எனக்குத் திருப்தி தந்தது தம்பி. மேலிருந்து வருகிற அழுத்தம் எல்லாம் மெல்லக் கற்கிறவர்களைப் பற்றித்தான், அது நியாயமும்கூட. ஆனால் அந்த நாலைந்து பேர், "இவங்க எப்படியும் பாஸ் பண்ணிடுவாங்க" என்று கவனிக்கப்படாமலே போகிறார்கள்.

முதலில், என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்கிறேன். அவர்களை எப்போதும் லீடர் ஆக்காதீர்கள். நோட்டுத் திருத்துவது, பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதுவது, சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று நம் வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறோம். எப்போதாவது என்றால் நல்லது. தினமும் என்றால், அந்தப் பிள்ளை பள்ளியில் புதிதாக ஒன்றும் கற்பதில்லை. அதே மாதிரி பத்துக் கணக்கு முடித்தவனுக்கு அதே வகையில் இன்னும் இருபது கணக்குக் கொடுப்பதும் தண்டனைதான். அடுத்த தடவை வேண்டுமென்றே மெதுவாகப் போடுவான்.

கனமான ஒரே வேலை கொடுங்கள். "விடை 36 வருகிற மாதிரி ஐந்து வேறு கணக்கு உண்டாக்கு." "நம் ஊர் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்கிட என்னென்ன தெரிய வேண்டும்?" இப்படி ஒரு கேள்வி ஒரு வாரத்துக்குப் போதும். நூலக அலமாரியின் சாவியை அவர்களிடம் நம்பிக் கொடுங்கள். பள்ளிக்கே வந்து அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்துகாட்டும் வானவில் மன்றக் கருத்தாளர் வரும் நாளில், செய்துகாட்டியதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று அவர்களை முன்கூட்டியே யோசித்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளின் புதுமையான யோசனைகளுக்கு ஒன்றிய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளிக்கு ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம், தேர்வான பிள்ளைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வரும். கூகுளில் தேடி எடுத்ததை அனுப்பாதீர்கள். அம்மா களை எடுக்கும்போது முதுகு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்வதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பாதியிலும் தேடுங்கள். எழுத்து வராத பிள்ளை மந்தம் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். வாயால் கேளுங்கள். வாய்க்கணக்கில் உங்கள் நாலு பேரையும் முந்துகிற ஒருத்தி அங்கே இருக்கக்கூடும். அப்படி வாய்மொழியில் கெட்டியாகவும் எழுத்தில் மட்டும் விடாமல் தடுமாறியும் இருந்தால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழைத்துக் காட்டுங்கள். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு.

மகளை மாவட்ட மாதிரிப் பள்ளிக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். விடுதியில் தங்க வேண்டும். அனுப்பலாமா? (ஒரு தந்தை, திருவண்ணாமலை)

அவளுக்கு விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். இந்த அரசு மாதிரிப் பள்ளிகள் 2021-22 வாக்கில் 10 மாவட்டங்களில் தொடங்கி இப்போது 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். ஐஐடி, என்ஐடி, தேசிய சட்டப் பல்கலைக்கழகம், ஆடை வடிவமைப்புப் படிப்புக்கான நிஃப்ட் என்று நம் வீட்டில் கேள்விப்பட்டே இராத இடங்களுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வீட்டை விட்டுப் பிரிந்தால் வாடிப்போகிற குணம் என்றால் வற்புறுத்தாதீர்கள், இருக்கிற பள்ளியிலேயே நன்றாகப் படிக்கலாம். என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டியான பிள்ளைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனால் ஊர்ப் பள்ளி வகுப்பு களையிழக்கிறது. அங்கே தருகிற வழிகாட்டுதல் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் வர வேண்டும்.

பையன் பத்தாம் வகுப்பில் 480-க்கு மேல். ஒரு தனியார் பள்ளி பிளஸ் ஒன், பிளஸ் டூ முழுவதும் இலவசம் என்று வீட்டுக்கே வந்து கேட்கிறார்கள். (ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்)

கையெழுத்துப் போடும் முன், எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020 முதல், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கு 2021 முதல். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் போய்விடும். என்எம்எம்எஸ் வாங்குகிறவன் என்றால் அதுவும் நிற்கும். இரண்டு வருட ஃபீஸ் மிச்சம் என்பதற்காக இத்தனையையும் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்கில் புலி, ஆங்கிலத்தில் தேறமாட்டேன் என்கிறான். எட்டாம் வகுப்பு. கணக்கைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா? (ஒரு தந்தை, கும்பகோணம்)

நிறுத்தாதீர்கள். உங்கள் ஊரிலேயே படித்த ராமானுஜன் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டதால் அந்த உதவித்தொகை போயிற்று. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுக்கும் வரை பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்றைக்கும் ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும், ஆகவே ஆங்கிலத்துக்குத் தினமும் அரைமணி நேரம் கட்டாயம் ஒதுக்குங்கள். கணக்கில் மேலே போக, சென்னையில் இருந்து செயல்படும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டிக்கு எழுத வையுங்கள்.

டபுள் புரமோஷன் கிடைக்குமா? (பெயர் வேண்டாம் என்றவர், மதுரை)

இப்போது அந்த வழக்கம் இல்லை. நீட் எழுத 17 வயது ஆக வேண்டும், அவசரப்பட்டு என்ன செய்யப்போகிறோம்?

மகளுக்குக் கணக்கும் அறிவியலும் சுமார். ஆனால் கவிதை, கட்டுரை என்றால் உயிர். இவளுக்கெல்லாம் எந்தத் தேர்வும் இல்லையா? (ஒரு தாய், சிவகங்கை)

இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 2022-இலிருந்து நடக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. பாதி இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து வரும், அதனால் பொதுத்தேர்வு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதுவரை பள்ளிக்கல்வித் துறை நடத்தும் கலைத்திருவிழாவில் கவிதை, கட்டுரைப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழாசிரியரிடம் அவள் எழுதியதை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள், அவளாகக் காட்டக் கூச்சப்படுவாள்.